ஆகாய யுத்தத்தின் கதை – 5: தந்தைக்கு ஒரு கடிதம்

வெனிஸ் நகரை முற்றுகையிட்ட ஆஸ்திரியர்கள் 1849இல் ஆளில்லாத பலூன்களில் வெடிகுண்டுகளைக் கட்டிக் காற்றின் போக்கிலே விட்டதையும், காற்றுத் திசை மாறியதால் அவற்றுட் சில விட்டவர்கள் பக்கமே திரும்பி வந்ததையும் சென்ற இதழில் கண்டோம். அதற்குப் பின் 62 ஆண்டுகள் சென்று, மத்தியதரைக் கடலின் தென்கரையிலுள்ள திரிப்போலி நகரத்திலிருந்து, ஜெனோவாவில் பிறந்த 29 வயது எஞ்சினீயர் ஒருவர் தம் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். தூர தேசத்தில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, அன்றன்று நடந்ததைத் தகப்பனாருக்கு ஒளிவு மறைவின்றித் தெரிவிக்கும் தோரணையில் அமைந்த கடிதம் அது. அவர் பெயர் ஜூலியோ கவோத்தி. இத்தாலிய சேனையில் இளநிலை அதிகாரி, விமானி. பறந்துகொண்டிருக்கும் ஆகாய விமானத்திலிருந்து பகைவர்மேல் எறியப்பட்ட முதல் குண்டின் விருத்தாந்தம், அந்தக் குண்டை எறிந்த கையாலேயே எழுதப்பெற்று இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆகாய யுத்தத்தின் சரித்திரத்தை இன்று எழுதப் புகுகிறவர்கள் இதன் வாசலில் சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்; நான் இந்த இதழ் முழுவதும் அங்கேயே நிற்கப்போகிறேன்.

இத்தாலியர் அந்தக் கரைக்கு வந்த காரணத்தைச் சுருங்கச் சொல்லலாம். 1861இல்தான் ஒன்றுபட்டு ஒரே ராஜ்யமான இத்தாலி, ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து சேர்ந்த தேசம். அது கண்வைத்திருந்த டூனிஸை 1881இல் பிரான்ஸ் கைப்பற்றிக்கொண்டது. 1896இல் அடோவாவில் எத்தியோப்பியர் அதன் சேனையை முறியடித்தார்கள். வடகரையில் எஞ்சியிருந்தது, தளர்ந்துபோன துருக்கிய சாம்ராஜ்யத்தின் கீழ் இருந்த திரிப்போலியும் சிரனேகாவும், அதாவது இன்றைய லிபியா, மாத்திரமே. 1911 செப்டம்பர் 29ஆம் தேதி இத்தாலி யுத்தப் பிரகடனம் செய்தது. அங்கிருந்த அராபியர்கள் துருக்கியரின் நுகத்தடியிலிருந்து தங்களை விடுவிக்க வந்தவர்களாகவே இத்தாலியரை எண்ணி எதிர்கொண்டழைப்பார்கள் என்ற நம்பிக்கை ரோமாபுரியில் பலமாக இருந்தது. அந்த நம்பிக்கை நான்கு வாரங்கூட நீடிக்கவில்லை.

சேனையைப் பின்தொடர்ந்து, பெட்டிகளில் அடைக்கப்பட்ட ஒன்பது ஆகாய விமானங்களும் பதினொரு விமானிகளும் கப்பலில் வந்து இறங்கினார்கள். காப்டன் கார்லோ பியாத்ஸா அவர்களுக்குத் தலைவர். பிளெரியோ, நியூபோர், ஃபார்மன் என்று பிரெஞ்சு நாட்டு விமானங்கள் ஏழு. ஆஸ்திரியரான இகோ எட்ரிச் என்பவர் வகுத்த விமானங்கள் இரண்டு. ஜாவா முதலிய தீவுகளின் காடுகளில் படரும் ஒரு கொடியின் விதை, கண்ணாடிபோல் மெல்லிய இரு சிறகுகளோடு மரத்துக்கு மரம் வெகுதூரம் மிதந்து செல்லும் அழகைக் கண்டு, அந்த விதையின் வடிவத்திலேயே எட்ரிச் தம் விமானத்துக்கு இறக்கை அமைத்தார். அதற்கு ‘டௌபெ’ என்று பெயர். ஜெர்மானிய மொழியில் டௌபெ என்றால் புறா. கவோத்தி ஏறிச் சென்றது இந்தப் புறாவின் மீதுதான். பருந்துக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட சிபியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஆகாய விமானத்திலிருந்து எறியப்பட்ட முதல் குண்டு புறாவின் பெயர் தாங்கிய இயந்திரத்திலிருந்து விழுந்தது என்பதைப் படிக்கும்போது மனம் ஒரு கணம் துணுக்குறாமல் இருப்பதில்லை.

அக்டோபர் 23ஆம் தேதி இந்தச் சரித்திரத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. விமானக் கலையின் வரலாறுகளைப் புரட்டினால், அன்று காலை காப்டன் பியாத்ஸா தமது பிளெரியோவில் ஏறி, அஸீஸியா என்ற ஊர் இருந்த திசையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பறந்து, துருக்கியருடைய பாளையங்கள் இருக்குமிடங்களை அறிந்து திரும்பினார் என்றும், யுத்தத்தில் ஆகாய விமானம் வேவு பார்த்த முதல் நாள் அதுவே என்றும் காணலாம். தரையில் நடந்த யுத்தத்தின் வரலாறுகளைப் புரட்டினாலோ, அதே காலையில் நகரத்துக்குக் கிழக்கே ஷரா ஷாத் என்ற பேரீச்சந்தோப்புகளிடையே இத்தாலியக் காலாட்படையின் ஒரு பகுதி முன்னால் துருக்கியராலும் பின்னால் தோப்புகளிலிருந்து எழுந்த அராபியராலும் சூழப்பட்டு, சுமார் 500 பேரை இழந்தது என்று காணலாம். மேலிருந்து பார்த்தவருக்குத் தூரத்துப் பாளையங்கள் தெரிந்தன. நகரத்தின் காலடியிலேயே பதுங்கியிருந்த ஆபத்து தெரியவில்லை. ஆகாயத்திலிருந்து பார்ப்பவன் எல்லாவற்றையும் பார்க்கிறான் என்ற பிரமை பிறந்த நாளிலேயே, அது பிரமை என்பதற்கு அத்தாட்சியும் கிடைத்துவிட்டது.

அதை அடுத்து வந்த நாட்களில் இத்தாலியச் சிப்பாய்கள் அந்தத் தோப்புகளிலும் குடியிருப்புகளிலும் புகுந்து, ஆயுதம் எடுத்தவர் எடுக்காதவர் என்ற பேதமின்றி, பெண்களையும் குழந்தைகளையுங்கூட விட்டுவைக்காமல் பழிதீர்த்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி உஸ்திகா, திரெமித்தி முதலிய தீவுகளுக்கு நாடு கடத்தினார்கள். இதை உலகத்துக்குத் தெரிவித்தவர்கள் பத்திரிகை நிருபர்கள். அவர்களில் பிரான்சிஸ் மெக்கல்லா என்ற ஐரிஷ்காரர், இத்தாலியச் சேனையோடு தங்கியிருப்பதற்காகத் தமக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதிச் சீட்டைச் சேனாதிபதி கனேவாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, தாம் கண்டவற்றை எழுதினார். மறு வருஷம் அது நூலாகவும் வெளிவந்தது. சேனைகளின் சோற்றைத் தின்று சேனைகளின் சொல்லையே எழுதும் நிருபர்கள் மலிந்த காலத்தில், சீட்டைத் திருப்பிக் கொடுத்த மனிதர் ஒருவர் இருந்தார் என்பதை நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சூழ்நிலையில்தான், கொலையும் அச்சமும் நகரத்தைச் சுற்றிக் கிடக்க, இத்தாலியர் தங்கள் அகழிகளுக்குள் ஒடுங்கியிருந்த நாளில், விமானிகளுக்கு வெடிகுண்டுகள் வந்து சேர்ந்தன. கவோத்தியின் கடிதத்தில் என் மனத்தை மிகவும் வருத்தும் பகுதி குண்டு விழுந்த இடமன்று. அதற்கு முன்பு வரும் ஒரு சிறு செய்தி. குண்டுகள் வந்திருக்கின்றன, ஆனால் அவற்றைப் பற்றி மேலதிகாரிகள் தங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, எந்த விதமான உத்தரவும் இல்லை, இது விசித்திரமாக இருக்கிறது என்று அவர் எழுதுகிறார். ஆயினும் துருக்கியர்மேல் அவற்றைப் பரீட்சை செய்து பார்ப்பது மிகவும் சுவாரசியமாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். மனித குலத்தின் தலைக்குமேல் அதற்குப் பின் எத்தனையோ கோடிக் குண்டுகள் விழுந்தன. அவற்றுள் முதலாவது, ஒரு மகாசபையிலே யோசித்தோ, ஒரு சேனாதிபதி ஆராய்ந்தோ எறியப்பட்டதன்று. புதிய கருவியைக் கையில் பெற்ற இளம் எஞ்சினீயர் ஒருவரின் ஆவலே அதற்குப் போதுமானதாக இருந்தது.

1911 நவம்பர் முதல் தேதி. வட்டமான, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள நான்கு குண்டுகள். ஆசனத்தின் அருகே, உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்த தோற்பை ஒன்றைக் கவோத்தி பொருத்தியிருந்தார். மூன்று குண்டுகளை அதில் ஜாக்கிரதையாக அடுக்கி, நான்காவதைத் தம் சட்டையின் முன்பையிலே போட்டுக்கொண்டார். இன்று குண்டுகளைச் சுமந்து செல்லும் விமானங்களின் வயிற்றையும், அவற்றைக் குறி பார்த்து விடுவிக்கும் கருவிகளையும் அறிந்தவர்கள் அந்தச் சட்டைப்பையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எஞ்சின் கோளாறு செய்து விமானம் முரட்டுத்தனமாகத் தரையில் இறங்க நேர்ந்திருந்தால், அந்தக் குண்டு தொட்டுக்கொண்டிருந்தது அவருடைய சொந்த மார்பை.

கடலின் மேலே சென்று திரும்பி, பாலைவனத்தின் விளிம்பிலுள்ள அயின் சாரா என்ற பாலைச்சோலையை நோக்கிச் சில நூறு மீட்டர் உயரத்தில் அவர் பறந்தார். அங்கே துருக்கியரும் அராபியரும் பாளையமிறங்கியிருந்தார்கள். பாளையம் தெளிவாகத் தெரிந்ததும், ஒரு கையால் சுக்கான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பையைத் திறந்து ஒரு குண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைகளை மாற்றிக்கொண்டு, பாதுகாப்புத் தடையை நீக்கி, இறக்கையில் பட்டுவிடாதபடி வெளியே எறிந்தார். சில விநாடிகள் குண்டு கண்ணுக்குத் தெரிந்தது, பிறகு மறைந்தது. அப்புறம் பாளையத்தின் நடுவில் சிறிய கரிய மேகம் ஒன்று எழுந்தது. குறி தப்பவில்லை என்று அவருக்குத் திருப்தி. அயின் சாராவிலும் தஜூரா என்ற ஊரிலுமாக நான்கு குண்டுகளும் தீர்ந்தன. திரும்பி வந்து சேனாதிபதியிடம் நேரே சென்று தெரிவித்ததையும், எல்லோரும் மகிழ்ச்சியடைந்ததையும் தந்தைக்கு எழுதிக் கடிதத்தை முடிக்கிறார்.

அந்தக் கரிய மேகத்தைப் பற்றி நாம் அறிந்தது அவ்வளவே. மேலே இருந்தவர் கண்டது ஒரு மேகம். கீழே இருந்தவர் எதைக் கண்டார், யார் தலைக்கு நேரே அது விழுந்தது, அவர் சமைத்துக்கொண்டிருந்தாரா, தொழுதுகொண்டிருந்தாரா, குதிரைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாரா என்பதற்கெல்லாம் அந்தப் பாளையத்திலிருந்து தகப்பனாருக்குக் கடிதம் எழுதியவர் எவரும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகாய யுத்தத்தின் சரித்திரம் இந்த ஊனத்தோடுதான் பிறந்தது. குண்டு வீசியவனிடம் பெயர் உண்டு, நேரம் உண்டு, உயரம் உண்டு, எஞ்சினின் வகை உண்டு. குண்டு விழுந்த இடத்தில் மேகம் மாத்திரம் உண்டு. பின்னாளில் லண்டன், ஹாம்பர்க், டோக்கியோ முதலிய நகரங்களில் விழுந்தபோது கீழிருந்தவர்களும் எழுதத் தெரிந்தவர்களாக, எழுதுவதை அச்சிடும் வசதியுடையவர்களாக இருந்ததால் அந்தப் பக்கமும் உலகத்துக்குத் தெரிய வந்தது. அயின் சாராவுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

துருக்கியர் மௌனமாக இருந்துவிட்டார்கள் என்பதில்லை. தங்களுடைய ஆஸ்பத்திரியின் மேல் குண்டு விழுந்ததென்று அவர்கள் ஆட்சேபித்தார்கள். இத்தாலியர் அதை மறுத்ததோடு, கப்பல் பீரங்கிகள் அதே பாளையத்தின் மேல் எத்தனையோ குண்டுகளைப் பொழிந்தபோது யாரும் முறையிடவில்லையே, ஆகாயத்திலிருந்து விழுந்த ஒன்றிரண்டுக்கு மாத்திரம் இத்தனை கூக்குரல் எதற்கு என்றும் திருப்பிக் கேட்டார்கள். சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் அந்த ஆட்சேபத்தின் பின்னால் ஒரு தர்மவிசாரம் இருந்தது. 1899இல் ஹேக் நகரில் கூடிய சமாதான மகாநாட்டில், பலூன்களிலிருந்தும் அவைபோன்ற புதிய சாதனங்களிலிருந்தும் வெடிபொருள்களை எறிவதில்லை என்று வல்லரசுகள் ஐந்தாண்டுகளுக்கு உறுதி செய்துகொண்டன. ஆகாய விமானம் என்பதே இன்னும் பிறக்காத காலம் அது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல். பிறவாத பிள்ளைக்கு முன்கூட்டியே விலங்கு செய்து வைத்த அந்தத் தீர்க்கதரிசனத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் தவணை முடிந்தபின், 1907இல் மறுபடி கூடிய மகாநாட்டில் அந்த உறுதியைப் புதுப்பிக்க முயன்றபோது, பிரான்ஸ், ஜெர்மனி, ருஷ்யா, இத்தாலி ஆகிய தேசங்கள் கையெழுத்திடவில்லை. விலங்கு பொருந்தும் அளவுக்குப் பிள்ளை வளரத் தொடங்கியிருந்தது. அதனாலேயே விலங்கு விலக்கப்பட்டது. பாதுகாப்பற்ற ஊர்களை எவ்வழியாலும் தாக்கலாகாது என்ற விதி நின்றது உண்மைதான். அயின் சாராவோ படைகள் தங்கிய பாளையம். ஆகவே கவோத்தி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்று வாதாட இடமிருந்தது. மூன்றாவது மகாநாடு கூடுவதற்குள் 1914 வந்துவிட்டது.

சட்ட வல்லுநர்கள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே கவிஞர்கள் பாடத் தொடங்கிவிட்டார்கள். கடன்காரர்களுக்கு அஞ்சித் தாய்நாட்டை விட்டு, பிரான்சில் ஆர்க்காஷோன் என்ற கடற்கரை ஊரில் வசித்துவந்த கப்ரியேலே டானுன்ஸியோ, இந்த யுத்தத்தைப் பற்றிய பாடல்களை மிலான் நகரத்துப் பத்திரிகையாகிய ‘கொரியேரே தெல்லா சேரா’வுக்கு எழுதி அனுப்பினார், அவற்றுள் ஒன்றில் கவோத்தியைப் பெயர் சொல்லிப் போற்றினார். இன்னொரு பாடல் ஆஸ்திரியரை இழித்துரைத்ததற்காக அரசாங்கத்தின் தடைக்கு உட்பட்டது; ஆகாயத்திலிருந்து எறிந்த குண்டைப் புகழ்ந்ததற்குத் தடையில்லை. எதிர்காலவாதக் கவிஞர் மரினெட்டியும் நிருபராகத் திரிப்போலிக்கு வந்து போனார். வேகத்தையும் இயந்திரத்தையும் யுத்தத்தையும் ஒரே மூச்சில் துதித்த அவர், 1912இல் வெளியிட்ட இலக்கியப் பிரகடனத்தில், மிலான் நகரத்தின் மேலே விமானத்தில் பெட்ரோல் தொட்டியின்மீது அமர்ந்திருந்தபோதுதான் பழைய வாக்கிய இலக்கணத்தை உடைக்கும் எண்ணம் தமக்கு உதித்ததாக எழுதினார். விமானம் மொழிக்குள்ளும் புகுந்தது இப்படித்தான்.

கவிகளைக் காட்டிலும் நெடுந்தூரம் பாய்ந்தது வேறொரு பேனா. காசெர்த்தாவில் பிறந்த ஜூலியோ டூஹெ என்ற அதிகாரி, 1912இல் துரின் நகரத்து விமானப் பட்டாளத்தில் சேர்ந்து, பின்னர் அதன் தலைமையை ஏற்றவர். லிபியாவில் விமானங்கள் கற்பித்த பாடத்தைத் தொகுத்து எழுதும் வேலை அவரிடம் வந்தது. முதல் உலக யுத்தம் வந்தபோது சேனைத் தலைமையின் தவறுகளைக் கண்டித்து எழுதியதற்காக 1916இல் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு ஓராண்டு சிறையிலிருந்தார். மறு வருஷம் கப்பொரெட்டோ போரில் இத்தாலியச் சேனை சின்னாபின்னமானபோது அவர் கண்டித்ததெல்லாம் மெய்யாயிற்று. 1921இல் அவர் வெளியிட்ட ‘வானத்தின் ஆதிக்கம்’ என்ற நூல், பகைவனின் சேனையை விட்டுவிட்டு அவனுடைய நகரங்களையும் தொழிற்சாலைகளையும் மக்களின் மனோதிடத்தையுமே ஆகாயத்திலிருந்து அழிக்க வேண்டும் என்று கூசாமல் சொன்னது. தம் எஜமானர்களுக்கு உண்மையைச் சொல்லிச் சிறை சென்ற நேர்மையுள்ள ஒரு மனிதர், அதே நேர்மையோடு நகரங்களை எரிக்கும் சித்தாந்தத்தையும் வகுத்தார் என்பதை எண்ணும்போது, நேர்மை ஒன்றே போதுமென்று நம்புகிறவர்களுடைய நம்பிக்கை எனக்கு ஆட்டங் காண்கிறது.

எதிர்ப் பக்கத்திலிருந்து எழுதியவர்கள் அறவே இல்லாமல் போகவில்லை. ஜி. எஃப். அப்பாட், எர்னஸ்ட் பென்னட் என்ற இரு ஆங்கிலேயர்கள் துருக்கியரோடு தங்கி, திரும்பிச் சென்று 1912இல் ஆளுக்கொரு நூல் வெளியிட்டார்கள். நம் தேசத்திலும் திரிப்போலி யுத்தம் முஸ்லிம்களின் உள்ளத்தை ஆழமாகத் தைத்தது. செம்பிறைச் சங்கத்துக்கு நிதி திரட்டினார்கள். கல்கத்தாவில் மௌலானா ஆசாத் 1912இல் தொடங்கிய ‘அல்-ஹிலால்’ அந்தச் செய்திகளைப் பரப்பியது. அந்த யுத்தத்தில் காயம்பட்ட வீரர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது உயிர்நீத்த ஃபாத்திமா பின்த் அப்துல்லா என்ற அராபியச் சிறுமியைப் பற்றி லாகூரிலிருந்து கவி இக்பால் பாடினார். ஆர்க்காஷோனில் இருந்தவர் மேலே பறந்தவனைப் பாடினார். லாகூரில் இருந்தவர் கீழே தண்ணீர்க்குடம் சுமந்தவளைப் பாடினார். இருவரும் போர்க்களத்தை நேரிற் காணாதவர்கள். ஆயினும் கவோத்தியின் கடிதத்தில் வரும் மேகத்துக்கு உள்ளே ஒரு முகத்தை வைத்துப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றும்போதெல்லாம், இக்பால் பாடிய அந்தச் சிறுமியின் முகமே வந்து நிற்கிறது.

மற்றச் செய்திகளை விரைந்து சொல்லிவிடலாம். நவம்பருக்குள் ஆகாய விமானத்தை நோக்கித் தரையிலிருந்து சுடும் வழக்கம் வந்துவிட்டது. மொய்ஸோ என்ற காப்டனுடைய விமானத்தின் இறக்கையைத் துப்பாக்கி ரவைகள் துளைத்தன. 1912 பிப்ரவரியில் பியாத்ஸா ஆகாயத்திலிருந்து புகைப்படம் எடுத்தார். மார்ச்சில் இரவிலும் பறந்தார்கள். ஆகஸ்டில் மன்ஸீனி என்ற லெப்டினன்ட் கடலில் விழுந்து இறந்தார். செப்டம்பரில் மொய்ஸோ எஞ்சின் கெட்டுப் பாலைவனத்தில் இறங்கிச் சிறைப்பட்டார். வேவு, புகைப்படம், இரவுப் பறத்தல், குண்டு, விமானியின் மரணம், விமானியின் சிறை என்று பின்னால் வந்த ஆகாய யுத்தங்களின் அங்கங்களில் பெரும்பாலானவை இந்த ஓராண்டுக்குள், மிகச் சில விமானங்களோடு தோன்றிவிட்டன. அயின் சாரா 1911 டிசம்பர் 4ஆம் தேதியே இத்தாலியர் வசமாயிற்று. 1912 அக்டோபரில் லோஸான் அருகே ஊஷியில் துருக்கியர் சமாதானம் செய்துகொண்டார்கள். அராபியர்கள் செய்துகொள்ளவில்லை, அவர்களுடைய எதிர்ப்பு 1931 வரை நீண்டது.

கவோத்தி 1939 அக்டோபரில் ரோமாபுரியில் காலமானார். அதற்கு முந்தின மாதந்தான் போலந்தின் தலைநகரமாகிய வார்சா ஆகாயத்திலிருந்து விழுந்த தீயில் வெந்துகொண்டிருந்தது. அந்தச் செய்திகளைப் படித்தபோது அவர் தம் தோற்பையை நினைத்தாரா என்பதற்கு எழுத்து ஒன்றும் இல்லை. சுவீடன் தேசத்து எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், குண்டுவீச்சின் சரித்திரத்தை 1999இல் ஒரு நூலாக எழுதியபோது, அதைப் பத்திகளாகப் பிரித்து எண்ணிட்டு, வாசகர் ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் பல வழிகளில் படிக்கும்படி அமைத்தார். அந்த வழிகளில் திரியும்போது, 1911 நவம்பர் முதல் தேதியும் அந்தப் பாலைச்சோலையும் வாசகருக்கு எதிர்ப்படுகின்றன.

கடிதமோ கவோத்தியின் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்து, நூறாண்டு நிறைந்த 2011இல் பத்திரிகைகளின் வழியாக உலகத்தின் கண்ணுக்கு வந்தது. அந்த ஆண்டு மார்ச் 19ஆம் தேதி மேற்குலக நாடுகளின் விமானங்கள் லிபியாவின் மேல் குண்டு வீசத் தொடங்கின. இத்தாலியின் விமானத் தளங்களிலிருந்து அவற்றுட் பல புறப்பட்டுச் சென்றன. இத்தாலியருடைய விமானங்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. ஏழு மாதங்களுக்கு மேல் அது நீடித்து, அக்டோபர் 31ஆம் தேதி நள்ளிரவோடு முடிவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் நவம்பர் முதல் தேதி.

(தொடரும்)